செண்டும் காணியும்



“தோட்டம் எவ்வளவு?” என்று எருமப்பட்டி உழவரைக் கேட்டால், “அறுபது செண்டு” என்பார். செண்டு எம்மொழிச் சொல்? ஆங்கிலம் என்பீர்கள். அதன் வேர் இலத்தீன். அம்மொழியில் ‘கெந்தும்’ என்பது நூறு. ஏக்கரின் நூற்றில் ஒரு கூறு செண்டு. நூற்றாண்டைக் குறிக்கும் ‘செஞ்சுரி’யும் அவ்வேரினதே. ‘மில்லே’ என்பது ஆயிரம். உரோமர் ஆயிரம் ஈரடி நடந்த தொலைவே மைல் ஆயிற்று. ‘கால்குலசு’ என்னும் சிறு கல்லை வைத்து எண்ணியதால் ‘கால்குலேட்’ பிறந்தது. விரலைக் குறித்த சொல்லே எண்ணுருவைக் குறிக்கும் ‘டிசிட்’.

இங்ஙனம் கடன்பெற்ற ஆங்கிலரும், ஒன்று, இரண்டு, பத்து, நூறு ஆகிய அடிப்படை எண்களுக்குத் தம் முன்னோர் சொற்களையே போற்றினர். நாமோ இருந்த செல்வத்தையும் இழந்தோம்!

கால், அரை, முக்கால் இன்றும் நம் நாவில் உள்ளன. அவற்றின் உடன்பிறப்புகளாகிய மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 எங்கே? வேலி என்னும் நிலப்பரப்பில் இருபதில் ஒரு கூறு ஒரு மா. நிலத்தின் பெயரே கணக்கையும் கற்பித்தது. செண்டு என்னும் சொல்லோ இலத்தீன் அறிந்தார்க்கன்றித் தன் கணக்கைச் சொல்லாது.

பத்திரத்தில் செண்டு இருக்கட்டும். ஆயின் வீட்டுத் திண்ணையில் பேரனுக்குக் காணியையும் முந்திரியையும் சொல்லிக்கொடுப்பதை எந்தச் சட்டம் தடுத்தது? ‘பர்செண்ட்’ என்னுமிடத்து விழுக்காடு என்றால் வட்டி கூடிவிடுமா? நிலத்தை அளந்து காத்த நாம், அளந்த சொல்லையும் காப்போம்!