தோற்ற சேரி ஏன் திரும்பி வந்தது?

குத்துச்சண்டை ரசிகர்கள் கூடினால் இரண்டு கேள்விகள் தப்பாமல் எழும். அலியா, டைசனா, யார் பெரிய சம்பியன் என்பது ஒன்று. யாரும் கணக்கில் எடுக்காத ஒருவன் சில வேளை சம்பியனையே சாய்த்துவிடுகிறானே, அந்த வெறி அவனுக்கு எங்கிருந்து வருகிறது என்பது மற்றது. முதல் கேள்வி தீராது. அந்த இருவரும் தங்கள் நல்ல காலத்தில் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல ஆதாரம் உண்டு. அந்த ஆதாரத்தில் ஒரு பகுதி மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருக்கிறது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்த்து ஆடப்பட்ட கொம்புமுறி விளையாட்டின் வரலாற்றைத்தான் சொல்கிறேன்.

முதலில் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் விடையைப் பார்ப்போம். பசி, அவமானம், சொந்தத் துயரம்: இவைதான் பலவீனனைப் பலவானாக்குகின்றன என்பார்கள். சாட்சிக்கு 1990 பெப்ரவரி 11ஆம் திகதி டோக்கியோவில் நடந்ததைக் காட்டுவார்கள். அதுவரை ஆடிய 37 போட்டிகளிலும் வென்றிருந்த மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். ஒன்றுக்கு நாற்பத்திரண்டு என்று பந்தயம் போயிருந்த போட்டி அது. டக்ளஸின் தாயார் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எட்டாவது சுற்றில் விழுந்தவர் எழுந்து நின்று வென்றார். கதை இதோடு நின்றால் வழக்கமான விடை சரியே. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் இவான்டர் ஹோலிபீல்டை எதிர்கொள்ள வந்த டக்ளஸ், டோக்கியோவில் இருந்ததைவிட 14 இறாத்தலுக்கு மேல் எடை கூடியிருந்தார். மூன்றாவது சுற்றிலேயே விழுந்தார். சொந்தத் துயரம் ஒரு மனிதனை ஓர் இரவுக்குத் தூக்கி நிறுத்தியது. அடுத்த போட்டிவரை அது தாங்கவில்லை. அப்படியென்றால் தோற்றவனை மறுபடியும் மறுபடியும் களத்துக்குக் கொண்டுவருவது எது?

கொம்புமுறிக்கு வருவோம். மழை பொய்த்தாலோ அம்மை போன்ற நோய் பரவினாலோ, கண்ணகி அம்மனின் சினம் தணிய வேண்டும் என்று ஊர் கூடி ஆடியது இது. ஊர் இரண்டு சேரிகளாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். கரையாக்கன் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் இயல்பாகவே வளைந்த துண்டைத் தேடி எடுத்துக் கொம்பு செய்வார்கள். இரண்டு கொம்புகளின் வளைவையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, அசையாதபடி கட்டி, வடம் பூட்டி இழுப்பார்கள். நார் பிரியும் ஓசை கேட்கும். பிறகு ஒரு வளைவு தெறிக்கும். எவருடைய கொம்பு முறிந்ததோ அவர்கள் தோற்றவர்கள். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இந்த மண்ணின் இத்தகைய வழக்கங்களைப் பதிவு செய்த நூல். சிங்கள ஊர்களில் இதே விளையாட்டுக்கு அங்கெலிய என்று பெயர். அங்கே கண்ணகி பத்தினித் தெய்வம். அந்த வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவின் நூல் 1984இல் வந்தது.

இதில் நம் கேள்விக்கு முக்கியமானது, யார் எந்தப் பக்கம் என்பது எப்படித் தீர்மானமாகிறது என்பதே. மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. சேரியோ தந்தைவழியாக வருவது. ஆகவே ஒரே வீட்டில் கணவன் ஒரு சேரியாகவும் மனைவி மறு சேரியாகவும் இருக்க முடியும். வெல்லுகிற பக்கம் பார்த்து எவரும் மாற முடியாது. முறிந்த கொம்புக்குரியவர்கள் வென்றவர்களின் வசைப்பாட்டையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வசை புதிதாக முளைத்ததல்ல. கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் நூலில், வளைந்த இரண்டு தடிகளைக் கோத்து இழுக்கும் இந்த ஆட்டத்தையும் அதோடு சேர்ந்த கெட்ட பேச்சையும் எழுதி வைத்திருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, தோற்றவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது ஏச்சு மட்டுமே. இருந்தும் அடுத்த முறை கொம்பு கட்டும்போது அவர்கள் வடத்தைப் பிடிக்க வந்தார்கள். தனி மனிதனின் பசியை வைத்து இதை விளக்க முடியாது. இழுப்பவன் தகப்பனின் பெயரை இழுக்கிறான். கரையில் நிற்கும் தன் பக்கத்தவர்களுக்காக இழுக்கிறான். தோல்வி அவன் ஒருவனுடையதாக இல்லாததால், அதைச் சுமந்துகொண்டு திரும்பி வர அவனால் முடிகிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று வரும். கொம்பு முறிவது மரத்தின் குணம். குத்துச்சண்டையிலோ திறமைதான் தீர்ப்பு, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம்? ஒப்பிடக் காரணமே அதுதான். மேடையில் ஒருவன் ஏன் வென்றான் என்று கேட்டால் திறமை, பயிற்சி, உடற்கட்டு, அதிர்ஷ்டம், உந்துதல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கொம்புமுறியில் சம்பியன் என்று ஒருவன் இல்லை, தனிப்புகழ் இல்லை, பணமுடிப்பும் இல்லை. இவ்வளவும் போன பிறகும் மிஞ்சுகிற உந்துதல் எது என்று பார்த்தால், பக்கம் என்ற ஒன்றுதான் மிஞ்சுகிறது. தமிழர்களின் குத்துச்சண்டையிலும் இதே அமைப்பைக் காணலாம். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளாகப் பிரிந்துதான் மோதினார்கள். 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் படம் அந்தப் பெயர்களை ஈழத்து ரசிகர்களிடமும் கொண்டுவந்தது. மேடையில் ஏறியது ஒருவன். தோற்றது ஒரு பரம்பரை.

இன்னொரு மறுப்பு ஜோர்ஜ் போர்மன். 1974 ஒக்டோபர் 30ஆம் திகதி கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது சுற்றில் பட்டத்தை இழந்தவர், இருபது ஆண்டுகள் கழித்து, 1994 நவம்பரில், 45 வயதில் மைக்கல் மூரரை வீழ்த்தி மறுபடியும் உலக சம்பியனானார். தனி மனிதனின் உறுதிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் பத்தாண்டு ஓய்வுக்குப் பிறகு 1987இல் ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம், ஹூஸ்டனில் தான் தொடங்கிய இளைஞர் நிலையத்துக்குப் பணம் வேண்டும் என்பது. கின்ஷாசாவில் அவரை வென்ற அலியும் அன்று தனியாக நிற்கவில்லை. மைதானம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. போட்டிக்கு முன் பலரும் போர்மனே வெல்வார் என்று சொல்லியிருந்த நிலையில், அலி அந்த ஊரையே தன் பக்கமாக்கிக்கொண்டார். இரண்டு உதாரணங்களும் என் வாதத்துக்கே துணை நிற்கின்றன.

பக்கம் என்பது நல்லதை மட்டுமே செய்யும் என்று சொல்ல வரவில்லை. கொம்புமுறி வசை எல்லை மீறிக் கைகலப்பானதும், அந்த விளையாட்டு அருகிப் போனதற்கு அந்தச் சண்டைகளும் ஒரு காரணமாக இருந்ததும் மறைக்க வேண்டியவை அல்ல. பிறப்பால் ஒட்டிய அடையாளம் மனிதனை எழுப்பவும் செய்யும், கண்மூடித்தனமாக மோதவும் விடும். வேறுபாடு எங்கே என்றால், இரு சேரியும் ஒரே அம்மனுக்காக ஆடின. கேட்டது ஒரே மழையை. எவர் கொம்பு முறிந்தாலும், மழை பெய்தால் இரு பக்கத்து வயலும் நனையும். அந்தப் பொதுநோக்கு இருந்தவரை வசை விளையாட்டுக்குள் அடங்கி நின்றது. அது தளர்ந்த இடத்தில்தான் சண்டை மிஞ்சியது. இன்றைய குத்துச்சண்டை ரசிகர்களின் வாய்ச்சண்டைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

ஆகவே என் முடிவு இதுதான். யாரும் எதிர்பாராத ஒருவனை ஓர் இரவு வெல்ல வைப்பது சொந்தத் துயரமாக இருக்கலாம். தோற்ற பிறகும் அவனைத் திரும்ப வரவைப்பது, அவனுக்குப் பின்னால் நிற்கும் ஒரு பக்கம். இதற்கு வாவிக்கரையின் சாட்சி வலுவானது. அதன் பெரும்பகுதி இன்னும் வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறது. களுதாவளை, செட்டிபாளையம், மகிழூர், தம்பிலுவில், காரைதீவு என்று எந்த ஊரில் இருந்து இதைப் பார்க்கிறீர்களோ, உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: நாம் எந்தச் சேரி, கொம்பு முறிந்த அன்று என்ன பாடினார்கள்? பாடச் சொல்லிக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஊரின் பெயரையும் சேரியின் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள். வசைப்பாட்டு என்று வெட்கப்பட்டு எதையும் விட்டுவிட வேண்டாம்.