காயம் ஆறுமா? ரத்தம் சொல்லும்!



கடலூர்–சிதம்பரம் சாலையில் அடிபட்டான் எங்கள் செட் நண்பன். தையல் போட்டாச்சு, பிழைச்சுட்டான்னு நினைச்சோம். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறிப் போய்விட்டான். பக்கத்துக் கட்டிலில் அதேபோல் அடிபட்டவர் வீடு திரும்பினார். ஏன்?

2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். பலத்த காயம்பட்டால் ரத்த வெள்ளணுக்களில் 80 சதவீதத்துக்கும் மேலான மரபணுக்களின் செயல்பாடு மாறுகிறது. சீக்கிரம் தேறியவருக்கும் சிக்கலானவருக்கும் மாறுபவை ஒரே மரபணுக்கள்தாம். மாற்றத்தின் அளவும், அது அடங்கும் காலமும்தான் வேறு. நம்ம என்ஜினீயரிங் பாஷையில், அதிர்வு சீக்கிரம் அடங்கணும்! 2013-இல் 63 மரபணுக்களைக் கொண்டே சிக்கலை முன்கூட்டிக் கணிக்க வழி கண்டார்கள்.

ஆனால், ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்தால்தானே கணிப்பு? முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகவே 2021-இல் தமிழக அரசு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது. அடிபட்டவரைக் கண்டால் வேடிக்கை பார்க்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.