தட்டா? தட்டையா?



‘எரிபொருளுக்கு நுண்ணுயிரை நம்பலாமா?’ என்பது தலைப்பு. நம்பலாம் என்று பேச வந்திருக்கிறேன். “தமிழ் வாத்தியாருக்கு இதிலே என்ன வேலை?”ன்னு என் மனைவி கேட்டாங்க. “தினம் ராத்திரி இட்லி மாவைக் கரைச்சு வெச்சிட்டு, நுண்ணுயிரை நம்பித்தானே நீ தூங்கப் போறே?” என்றேன். (சிரிப்பு)

ஐயா, அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் என்கிற எரிசாராயம் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கும் கார் டாங்குக்கும் போட்டி! மணியை விட்டுவிடு, மாட்டுக்கும் மண்ணுக்கும் போக மிச்சமுள்ள தட்டையை எடு என்கிறோம் நாங்கள்.

ஆனால் தட்டைக்குள் சர்க்கரை ஒரே வகை இல்லை. குளுக்கோஸைத் தின்கிற ஈஸ்ட், சைலோஸைத் தொடாது. ஆப்பிரிக்கப் பனங்கள்ளில் வாழும் சைமோமோனாஸ் அருமையாகச் சாராயம் தரும். அதற்கும் சைலோஸ் இறங்காது. நம் குடலில் இருக்கிற ஈ.கோலை இரண்டையும் தின்னும். தருவதோ பெரும்பாலும் அமிலம்!

1987-ல் புளோரிடா பல்கலைக்கழகத்து லோனி இங்கிராம் குழுவினர் என்ன செய்தார்கள்? கள்ளில் இருந்தவனுடைய இரண்டு மரபணுக்களை எடுத்துக் குடலில் இருந்தவனுக்குக் கொடுத்தார்கள். பசி ஒருத்தனுடையது, கைப்பக்குவம் இன்னொருத்தனுடையது! (கைதட்டல்) 1991-ல் அதற்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் என்ன தெரியுமா? சரியாக 50 லட்சம்!

“அப்படின்னா ஐயோவாவில் 2015-ல் தட்டைக்காகவே திறந்த டூபாண்ட் ஆலை 2017-ல் ஏன் நின்றது?” என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். நுண்ணுயிர் கெட்டிக்காரனாக இருந்தால் மட்டும் போதாது. தட்டையைக் கட்டணும், ஏற்றணும், மண் போக்கணும், சர்க்கரையைப் பிரிக்கணும். அத்தனை செலவுக்கும் எதிரே அந்த வருஷங்களில் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்தது.

அதற்காக முயற்சியையே விட்டுவிடச் சொல்கிறீர்களா? தாய்மார்களே, ஒருநாள் மாவு பொங்கலைன்னா, பக்குவத்தைப் பார்ப்பீங்களா, ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போடுவீங்களா? (பலத்த கைதட்டல்)

விட்டுவிட்டால், வண்டி மறுபடி மணிக்குத்தான் வாயைத் திறக்கும். இல்லாவிட்டால் பெட்ரோல் கிணற்றுக்கு ஓடும். எனவே நடுவர் அவர்களே, தட்டு பிள்ளைகளுக்கு, தட்டை வண்டிக்கு என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.