கையளவு இன்ஜினில் பிறக்கும் நெருப்புப் பொறி

(நமது அறக்கட்டளையின் வார இறுதித் தொழிற்பயிற்சி வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மேசைமேல் இருக்கும் இந்தச் சின்ன இன்ஜினைப் பார்த்து, "விளையாட்டுச் சாமானுக்கா பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு அத்தா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

லேத்தில் கடைந்த இந்த இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் அமைப்பை நம் பிள்ளைகளே செய்தார்கள். 6 வோல்ட் பேட்டரி, பழைய மொபெட்டிலிருந்து கழற்றிய காயில், கண்டன்சர், ஒரு பிளக், தகட்டை அராவிச் செய்த பாயிண்ட். செலவு பெரிதில்லை.

வேலை நடக்கும் விதம் இதுதான். காயிலுக்குள் இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, முடி போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஓடிக் காந்தம் உண்டாகிறது. பாயிண்ட் பிரிந்ததும் காந்தம் சட்டென்று அழிகிறது. அந்த நொடியில் மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. ஆக, பொறி பிறப்பது சேரும்போது அல்ல, பிரியும்போது! கண்டன்சர் இல்லாவிட்டால் அந்தச் சக்தி பாயிண்டிலேயே எரிந்து வீணாகும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் இன்ஜின் கிளம்பவில்லை. "காயில் போச்சு, புதுசு வாங்கலாம்" என்றார்கள் எல்லோரும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளை மட்டும் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தான். பிஸ்டன் உச்சிக்குப் போய் இறங்கிய பிறகே பாயிண்ட் பிரிந்தது. பெட்ரோல் புகை எரிந்து முடிக்கச் சற்று நேரம் வேண்டும். அதனால் உச்சிக்குச் சற்று முன்பே பொறி வரவேண்டும். தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். அடுத்த சுற்றிலேயே ஓடியது, அல்ஹம்துலில்லாஹ். காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாமானை மாற்றுகிறவனுக்கும் காரணத்தைத் தேடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம் பிள்ளைகள் பலர் டூவீலர் பட்டறையில் இருக்கிறார்கள். எலக்ட்ரிக் வண்டி பெருகி வருகிறது. அதில் பிளக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது. மாற்ற மட்டுமே தெரிந்தவன் என்ன செய்வான்? ஆனால் அந்த மோட்டாரும் காயில், காந்தம், சரியான நேரத்தில் மின்சாரத்தைத் தந்து நிறுத்துவது என்பவற்றால்தான் ஓடுகிறது. இந்தப் பாயிண்டைப் புரிந்துகொண்டவனுக்கு அது அந்நியமில்லை.

கோவை ஜி.டி. நாயுடு ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டித்தான் தொழில் கற்றார். 1920ல் பொள்ளாச்சிக்கும் நம் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். 1937ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டாரும் செய்தார். பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு அந்தக் கை பழகிப் போனது.

நம் ஊருக்கும் அந்தக் கை உண்டு. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, அரம் பிடித்த கைகளின் உழைப்புதானே!

ஒரு எச்சரிக்கை. பொறி சோதிக்கும்போது கம்பியைக் கையில் பிடிக்கக் கூடாது. பிளக்கின் உடம்பு இன்ஜினின் இரும்பைத் தொட்டிருக்க வேண்டும். பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

அந்த அத்தாவுக்கு எங்கள் பதில்: இந்த இன்ஜின் காசு தராது. ஆனால் பிள்ளையை வெளிநாட்டுக் கடைவேலைக்கு அனுப்புமுன், ஆறு மாதம் எங்களிடம் விடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய மொபெட்டை எடைக்குப் போடாமல் வகுப்புக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்காக துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.