வீட்டுச் செலவும் சிக்கனமும்: கடைக்காரன் கண்ணில் பட்டவை

(பொன்விழா ஆண்டையொட்டி நியாலாஸில் நடந்த குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்தப் பொன்விழா ஆண்டில் இங்கே பேசிய பெரியவர்கள் கல்வி, மார்க்கம், சமுதாய ஒற்றுமை என்று பெரிய தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்து சேர்ந்தது வீட்டுச் செலவு. "கடை வைத்திருப்பவர் நீங்கள்தான், யார் எதில் காசு விடுகிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்" என்று செயலாளர் காக்கா சொன்னார்கள். அது சரிதான். ஆனால் நீங்கள் செலவு செய்தால்தான் என் வீட்டு அடுப்பு எரியும். சிக்கனத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது அதனால் எனக்கே வேடிக்கையாக இருந்தது.

பெரியவர்களுக்கு 555 புக்கு நினைவிருக்கும். சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு. தோட்டத்து மக்கள் கடைக்கு வந்து, "பாய், புக்குல எழுதிக்குங்க" என்று சொல்லிச் சாமான் எடுத்துப் போவார்கள். சம்பளம் போட்டதும் வந்து கட்டுவார்கள். அத்தா காலத்திலிருந்து எங்கள் கடையில் அந்தப் பழக்கம் உண்டு. இன்றும் சிலருக்கு எழுதுகிறேன். அந்தப் புக்குகளைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பாக்கி விழுந்தவர்கள் அரிசி அதிகம் வாங்கியவர்கள் அல்லர். அவர்கள் வாங்கும் சாமான் மற்றவர்கள் வாங்கும் சாமான்தான். கடைக்கு வரவேண்டிய காசு கடைக்கு வருவதற்கு முன்பே வேறெங்கோ போய்விடுகிறது.

ஆனால் வீட்டில் காசு தட்டினால் ஆண்கள் முதலில் கைவைக்கச் சொல்வது எதில்? மீனில், முட்டையில், பிள்ளையின் பாலில். இது தப்பான இடம் என்பது என் கருத்து. உள்ளூர் வெள்ளை அரிசி கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ 26 வெள்ளி. அரசாங்க மானியம் உள்ள ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டு மூட்டை அரிசியும் நான்கு பாக்கெட் எண்ணெயும் என்று வைத்தாலும் 62 வெள்ளிதான். அதில் பாதியைக் குறைத்தாலும் 31 வெள்ளிக்கு மேல் மிச்சமாகாது. பிள்ளைகளின் வயிறு மட்டும் குறையும். சமையலறையில் குறைக்க வேண்டுமானால் த்ரீ-இன்-ஒன் காப்பி, நொறுக்குத் தீனி, டின் பானங்களைக் குறையுங்கள். எங்களுக்கு லாபம் வருவது அதில்தான். இதை நான் சொன்னதாக மற்ற கடைக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து லைட் பில். மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் நான் படித்தது மின்பொறியியல் டிப்ளோமா. படித்த படிப்புக்கு வேலை பார்க்காமல் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் இன்னும் குறைப்படுகிறார்கள். அந்தப் படிப்புக்கு இன்றைக்காவது ஒரு வேலை கொடுக்கிறேன்.

2025 ஜூலை முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் மின்கட்டணக் கணக்கு மாறிவிட்டது. முன்பு முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100-க்கு ஒரு விலை என்று படிப்படியாக ஏறும். இப்போது மாதம் 1,500 யூனிட் வரை எல்லா வீட்டுக்கும் ஒரே விலைதான். மின்சக்தி 27.03 காசு, திறன் கட்டணம் 4.55 காசு, கம்பிவடக் கட்டணம் 12.85 காசு. மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 காசு. பார்த்ததும் பயமாக இருக்கும். ஆனால் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு ஊக்கக் கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 25 காசு கழிவு. யூனிட் ஏற ஏறக் கழிவு குறைந்துகொண்டே போய் 1,000 யூனிட்டோடு நின்றுவிடும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கழிவு மொத்த யூனிட்டுக்கும் கணக்காகும். 400 யூனிட் ஓடிய வீட்டுக்கு யூனிட்டுக்கு 17 காசு கழிவு. 401 ஆகிவிட்டால் எல்லா யூனிட்டுக்கும் 14.5 காசுதான். அந்த ஒரு யூனிட்டின் விலை 10 வெள்ளிக்கு மேல்! 600-ஐத் தாண்டினால் இன்னும் மோசம். கழிவு 9 காசிலிருந்து 7.5 காசாக இறங்கும். 600 வரை தள்ளுபடியாக இருந்த 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். 600 யூனிட்டுக்கு ஏறத்தாழ 212 வெள்ளி 60 காசு வரும். 601 யூனிட்டுக்கு 232 வெள்ளியைத் தொடும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளிக்கு மேல். 600-ஐத் தாண்டிய வீட்டுக்கு மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் சேவை வரியும் வேறு இருக்கின்றன, அவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே பில் வந்த பிறகு பெருமூச்சு விடுவதில் பயனில்லை. மீட்டர் வாசித்த தேதியிலிருந்து இருபதாம் நாள் போய் மீட்டரைப் பாருங்கள். கைப்பேசியில் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இருபது நாளில் 380 ஓடியிருந்தால் மாதக் கடைசியில் 570 வரும், கவலையில்லை. 400-ஐத் தாண்டியிருந்தால் 600 ஆகப் போகிறது என்று அர்த்தம், மிச்சம் உள்ள பத்து நாளும் கையைக் கட்டுங்கள். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவு முழுக்க ஓடினால் ஏறத்தாழ 6 யூனிட் தின்னும். இரண்டு இரவு மின்விசிறியோடு படுத்தால் 600-க்குக் கீழே வந்துவிடுகிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. பழைய ஐஸ்பெட்டியின் கதவு ரப்பரையும் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுங்கள். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே போகிறது. ரப்பர் மாற்றப் புது ஐஸ்பெட்டி வாங்கத் தேவையில்லை.

இதெல்லாம் சின்னக் காசு. பெரிய காசு தவணையில் போகிறது.

"மாதம் 200 வெள்ளிதானே பாய்" என்று ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார், புது மோட்டார் எடுத்துவிட்டு. அவர் கணக்கை அப்படியே சொல்லாமல் ஓர் உதாரணம் போடுகிறேன். 8,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு, ஐந்து ஆண்டு. கடன்காரர் பத்து விழுக்காட்டை முதல் நாள் கடன் தொகைக்கே ஐந்து வருஷமும் போடுவார். அது 4,000 வெள்ளி. ஆக 12,000, அறுபது மாதத்துக்கு மாதம் 200. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். நாலாம் வருஷத்தில் உங்கள் கையில் 8,000 வெள்ளி இல்லை. கட்டுவது மட்டும் 8,000 வெள்ளிக்கான வட்டி. முறையாகக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 17 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. கடைசி வரியில் உள்ள "மாதம் எவ்வளவு" என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். "மொத்தம் எவ்வளவு" என்று கேட்க வெட்கப்படுகிறோம். இப்போது கைப்பேசியிலேயே மூன்று தவணை, ஆறு தவணை என்று செருப்பும் சட்டையும்கூட வாங்கலாம். ஒவ்வொன்றும் 30 வெள்ளி, 40 வெள்ளி. அப்படி ஐந்து சேர்ந்தால் என் கடைப் புக்கில் அரிசிக்குப் பாக்கி விழுகிறது.

தவணை கட்ட முடியாதபோது ஆலோங்கிடம் போகிறார்கள். நம் ஊரில் இதைப் பற்றிச் சத்தமாகப் பேசமாட்டோம். மைகார்டையும் ஏடிஎம் கார்டையும் பறிகொடுத்துவிட்டு, சம்பள நாளில் தன் காசை வேறொருவர் கையால் வாங்குகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படி உரிமம் பெற்ற வட்டிக்காரர், பிணை இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆலோங் மாதத்துக்கு அந்த அளவு கேட்பார். வட்டி நமக்கு ஹராம் என்பதை இமாம்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அதை நான் திரும்பச் சொல்ல வரவில்லை. அவசரத்துக்கு நகை இருந்தால் அர்-ரஹ்னுவுக்குப் போங்கள். திரெங்கானுவில் 1992-இல் தொடங்கியது, இன்று எல்லாப் பட்டணத்திலும் இருக்கிறது. சாதாரண அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு, வருஷத்துக்கு 24. அர்-ரஹ்னுவில் நகையைப் பாதுகாக்கும் கட்டணம்தான். வைப்பதற்கு முன் அந்தக் கட்டணத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் நிற்காது. நம் தாய்மார்கள் இதை நன்றாகத் தெரிந்தவர்கள், அதனால்தான் கூட்டு கட்டினார்கள். பத்துப் பேர், மாதம் 100 வெள்ளி, ஆளுக்கு ஒரு மாதம் ஆயிரம். 1971-இல் அரசாங்கம் இதைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்து சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. உள்ளே "சீட்டு" என்பதும் இருக்கிறது. மலேசியச் சட்டப் புத்தகத்தில் நம் மொழி ஏறிய இடம் இதுதான் என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் முகம் தெரியாதவர்கள் நடத்தும் கூட்டில் சேர்ந்து ஏமாறுகிறார்கள். தயவுசெய்து சேராதீர்கள்.

கூட்டில் நல்லது என்ன என்றால், காசு கைக்கு வந்த அன்றே கையைவிட்டுப் போய்விடுகிறது. இந்த நாட்டில் பெரிய காரியங்கள் அப்படித்தான் நடந்தன. 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, பால்மரம் வெட்டியவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தக் காசில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நாள்கூலிக்காரர்கள் சேர்ந்து தோட்ட முதலாளி ஆனார்கள்.

நம் தாபோங் ஹாஜியும் அதே காலத்தது. ஹஜ்ஜுக்குப் போக நினைத்த கிராமத்து மக்கள், வட்டிக்குப் பயந்து வங்கியில் போடாமல், தலையணைக்குள்ளும் மூங்கிலுக்குள்ளும் காசு வைத்தார்கள். போதாதபோது நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். திரும்பி வந்தபோது பிழைக்க வழியில்லை. இதைப் பார்த்த பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959-இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். 1963 செப்டம்பர் கடைசியில் சேமிப்பு வாங்கத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 1,280 பேர், சேர்ந்த காசு 46,000 வெள்ளிச் சொச்சம். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 36 வெள்ளிதான் வருகிறது. இன்றைக்கு 1,300 வெள்ளி சேர்ந்தால் ஹஜ்ஜுக்குப் பெயர் பதியலாம். வரிசை பல ஆண்டு நீளம், அதனால் சின்ன வயதிலேயே சேர்க்கத் தொடங்குவதுதான் லாபம்.

என்னைப் போல் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும், பசார் மாலாமில் கடை போடுபவர்களுக்கும், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் சகோதரிகளுக்கும் ஒன்று. முதலாளி கட்டும் இபிஎஃப் நமக்கு இல்லை. ஆனால் ஐ-சாரான் இருக்கிறது. 60 வயதுக்குக் கீழ் உள்ளவர் நாமாகப் போட்டால், போட்டதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. அதை முழுதாக வாங்க ஆண்டுக்கு 2,500 போட வேண்டும், அதாவது நாளுக்கு 7 வெள்ளிக்கும் கீழ். 2017 முதல் ஷரியா முறைச் சேமிப்பாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற நம்மவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

கடைசியாக ஒன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கல்யாணம். 500 பேருக்கு, தலைக்கு 15 வெள்ளி என்று கேட்டரிங் வைத்தால் சாப்பாடு மட்டும் 7,500. பந்தலும் மேடையும் அலங்காரமும் வேறு. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் கடன் வாங்கி நடத்தி, அந்தப் பிள்ளை மறுமாதம் என் கடையில் புக்கு கேட்கிறது. முன்பு இந்த ஊரில் கல்யாணம் என்றால் முதல் நாள் இரவே ஆண்கள் கூடி ஆட்டை உரித்து, விறகு அடுக்கி, தேக்சா ஏற்றுவார்கள். பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள். சங்கத்தின் ஸ்டோரில் அந்தப் பெரிய தேக்சாக்கள் இன்னும் இருக்கின்றன, தூசி படிந்து. நானூறு, ஐந்நூறு பேருக்குப் பிரியாணி தம் போடத் தெரிந்த பெரியவர்கள் மூன்று பேர் இந்தச் சபையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கற்றுக்கொண்ட இளைஞர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. வருகிற மீலாது கந்தூரிக்குக் கேட்டரிங் வேண்டாம், அந்த மூவரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பத்து இளைஞர்கள் அவர்கள் சொல்படி சமைக்கட்டும் என்று நிர்வாகத்துக்கு வேண்டுகோள் வைக்கிறேன். ஆட்டுக்கு வேண்டிய மசாலா என் கடையிலிருந்து.

லைட் பில் கணக்கு புரியாதவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடைசி மூன்று மாதப் பில்லை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வாருங்கள். அஸர் வரை உட்கார்ந்திருப்பேன். தவணைக் கடிதம் இருந்தால் அதையும் கொண்டு வரலாம், யாருக்கும் காட்டாமல் பார்த்துத் தருகிறேன்.