ஏரிக்கரையில் விடுதிகள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் மீஞ்சூரைத் தாண்டியதும் வரும் சிறிய நிலையம் அனுப்பம்பட்டு. விரைவு வண்டிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நெல் வயல்கள் தென்படும். அடுத்த நிலையமான பொன்னேரியில் இறங்கிக் கிழக்கு நோக்கிப் பேருந்தில் சென்றால், சாலை பழவேற்காடு ஏரியின் கரையில் கொண்டுபோய் விடும். இந்த வழியில் நான் பல ஆண்டுகளாகப் போய் வருகிறேன். முன்பெல்லாம் வயல்களுக்கு நடுவே கண்ணில் படுவது மின்கம்பங்களும் கொக்குகளும்தான். இப்பொழுது பலகைகளும் சேர்ந்துகொண்டன. மனை விற்பனைக்கு ஒரு பலகை, பண்ணை வீடு வாடகைக்கு ஒரு பலகை. வார இறுதியில் நகரத்தின் சந்தடியை விட்டு வந்து, வயலையும் ஏரியையும் பூநாரைகளையும் பார்த்து, ஓர் இரவு தங்கிப் போக விரும்புகிறவர்களை நோக்கியே அவை நிற்கின்றன.

மாணவ நண்பர்களே! இதிலே ஒரு கேள்வி எழுகிறது. என் நிலத்தில் நான் பத்து அறைகள் கட்டி விருந்தினரைத் தங்கவைத்தால் மற்றவர்களுக்கு என்ன? அரசாங்கம் எதற்காகக் கோடு போட்டு, இங்கே கட்டலாம், அங்கே கட்டக்கூடாது என்று சொல்லவேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. அனுப்பம்பட்டுக்கு முந்திய நிலையமான மீஞ்சூருக்குப் போனாலே போதும். அந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே புகுந்துவிட்டது என்பது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட விஷயம். ஒருவர் கிணற்றில் வைத்த இறைவை இயந்திரத்தால், இன்னொருவர் கிணற்றில் உப்பு ஏறியது. நிலத்துக்கு வேலி உண்டு. அதன் அடியில் ஓடும் நீருக்கு வேலி ஏது? இருபது அறைகளும் ஒரு நீச்சல் குளமும் உள்ள விடுதி எவ்வளவு தண்ணீரை இழுக்கும், அதன் கழிவுநீர் எந்த வாய்க்காலில் போய் விழும் என்பதைப் பக்கத்து வயல்காரர் கேட்டே தீருவார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிலத்தை உபயோகத்தின்படி குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் எனப் பகுத்துத் திட்டமிட 1971-ஆம் ஆண்டில் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ஏற்பட்டதற்கு இப்படிப்பட்ட கேள்விகளே அடிப்படை.

இடத்தைப் பகுத்து விதி செய்வது ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடவேண்டாம். பழவேற்காட்டு மீனவர்கள் தண்ணீரிலேயே அதைச் செய்திருக்கிறார்கள். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் கழிகளை நட்டு வலை கட்டினால் இறால் மிகுதியாகக் கிடைக்கும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறைவைத்து, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. அதற்குப் 'பாடு' என்று பெயர். இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாட்டில் உரிமையில்லாத ஏனைய ஊரார் அதை நெடுநாளாகக் குறை கூறி வருகிறார்கள்; அதற்கும் காரணம் இருக்கிறது. எனினும், வளம் மிகுந்த இடத்துக்குக் கட்டாயம் ஒரு விதி வேண்டும் என்பதை இம்மக்கள் யாரும் கற்றுக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள்.

கரை விஷயத்தில் அரசாங்கத்தின் கோடு 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் தேதி வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்பது அதன் பெயர். கடல் அலை ஏறிவரும் உச்ச எல்லையை உயரலைக் கோடு என்பார்கள். அக்கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை எந்தக் கட்டடமும் விதிக்கு உட்பட்டது. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதிய கட்டடமே கூடாது. கடலின் ஏற்றவற்றம் எட்டும் உப்பங்கழிகளுக்கும் ஓடைகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். அங்கே மட்டும் தூரம் குறைவு, 100 மீட்டர். பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் ஏரி. ஆகவே அதுவும் இந்த வலைக்குள் அகப்பட்டது.

உல்லாச விடுதிகள் நடத்துவோர் இதைக் கேட்டுச் சும்மா இருப்பார்களா? 1994-ஆம் ஆண்டில் அறிவிக்கை திருத்தப்பட்டது. ஆறுகள், கழிகள் ஆகியவற்றின் ஓரத்தில் 100 மீட்டர் 50 ஆயிற்று. வேண்டிய இடத்தில் 200 மீட்டர் விதியைத் தளர்த்தும் அதிகாரமும் மத்திய அரசுக்குக் கிடைத்தது. 1996-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவ்விரண்டு திருத்தங்களையும் செல்லாதென்று தள்ளியது. கதை அத்துடன் முடியவில்லை. 2011-இல் ஒரு புதிய அறிவிக்கை, 2019-இல் மற்றொன்று. கழிகளின் ஓரத்துக்கு 2019-இன் அறிவிக்கை வைத்திருக்கும் அளவு 50 மீட்டர், அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது! நீதிமன்றம் வாசல் வழியாக அனுப்பிய எண், இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. கடற்கரையிலும், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப்பகுதிகளில் 200 மீட்டர் 50 ஆகக் குறைந்தது.

மீட்டர் கணக்கில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு 2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அப்பால் சென்று குடியேறினால் அவர்களுக்கு இலவசமாகப் புது வீடு கிடைக்கும். பழைய இடத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். போகாமல் அங்கேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசாங்க உதவி இல்லை. உயிரைக் காக்கும் நோக்கத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் கரையோர ஊர்களில் ஒரு சந்தேகம் எழுந்தது. நாம் காலி செய்த மணலில் நாளைக்கு விடுதி எழும்பாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அலைக்கு அஞ்சி மீனவர் வீட்டைத் தள்ளிவைத்த கோடு, விடுதியின் வரவேற்பறைக்கு மட்டும் விலகிக்கொள்ளுமோ என்பதுதான் அந்த அச்சம். அது வீண் அச்சம் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. தங்க இடம் கேட்டு வந்தவர்கள் நிலைத்துவிடுவது இந்தக் கரைக்குப் புதிதன்று. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டையே கட்டிக்கொண்டார்கள்.

கோடு போடுகிறவர்களின் கண்ணுக்குக் கரை வெறும் மணலாகத் தெரிகிறது. அந்த மணலில்தான் வலை உலர்கிறது, கருவாடு காய்கிறது, படகு ஏற்றி வைக்கப்படுகிறது. இவற்றுக்குப் பட்டா கிடையாது. சுவரோ கூரையோ கிடையாது. ஆகவே வரைபடத்திலும் இடம் கிடையாது. 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் கரையோர வரைபடங்களின் வரைவு மக்கள் முன் வைக்கப்பட்டபோது, மீன்பிடி ஊர்களும் அவற்றின் பொது இடங்களும் சரிவரக் குறிக்கப்படவில்லை என்றே மீனவர் அமைப்புகள் ஆட்சேபித்தன. வரைபடத்தில் காலியிடமாக உள்ள ஒன்றை விடுதிக்குக் கேட்பது எளிது, மறுப்பது கடினம்.

அப்படியானால் விருந்தாளியே வேண்டாம் என்பதா? மீனவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஏரியில் மண் தூர்ந்து, முகத்துவாரம் அடைபட்டு, மீன் குறையும் நாட்களில் வெளியூராரின் காசு ஒரு துணைதான். ஆனால் விதியில்லாத விருந்தோம்பல் எப்படி முடியும் என்பதையும் இவ்வூர் கண்டிருக்கிறது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, உல்லாசமாகப் படகேறிச் சென்றவர்களில் 22 பேர் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து மாண்டனர். அதன் பின்னரே உல்லாசப் படகுகளுக்குத் தடை வந்தது.

கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களின் கதையையும் கேளுங்கள். நீலகிரியில் முதுமலையை அடுத்த சீகூர்ப் பகுதியில், யானைகள் செல்லும் வழித்தடத்தில் விடுதிகள் பெருகின. 2010-இல் அரசு அதனை யானை வழித்தடமாக அறிவித்தது. 2018 ஆகஸ்டில் 27 விடுதிகளுக்கு முத்திரை வைக்க உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020 அக்டோபரில் வழித்தட அறிவிக்கையையும் உறுதி செய்தது. கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியின் நெடியதுருத்துத் தீவில் 54 மாளிகைகளுடன் கட்டப்பட்ட விடுதியை, கரையோர விதிகளுக்கு முரணானது என்று 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2022-இல் இடிக்கத் தொடங்கினார்கள். இடித்த கல்லையும் கம்பியையும் தீவிலிருந்து அப்புறப்படுத்துவது, கட்டுவதைவிடப் பெரிய வேலையாயிற்று என்றே கருதுகிறேன்.

2019-ஆம் ஆண்டு அறிவிக்கையில் எனக்குப் பிடித்த வாசகம் ஒன்று உண்டு. மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்துச் சுற்றுலாவுக்கு உதவலாம். ஆனால் இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்போ வடிவமோ முகப்போ மாறக்கூடாது என்கிறது அது. மத்திய சுற்றுலாத் துறையின் இல்லத் தங்கல் திட்டமும் இதைப்போன்றதே. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம். வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். பெரிய முதல் தேவையில்லை. காசு ஊரிலேயே தங்கும். கரையில் புதிய சுவர் எழும்பாது.

இந்த வாசகத்தை நான் அண்மையில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஓர் அம்மாளிடம் விளக்கிச் சொன்னேன். அவர் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். இறால் குழம்பும் நண்டு வறுவலும் அவர் கையால் உண்டவர்கள் மறக்கமாட்டார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் சரிங்க ஐயா. வர்றவங்களுக்குக் கக்கூஸ் ஒண்ணு தனியாக் கட்டணுமே. பின்னால அஞ்சடிக்கு அஞ்சடி. அது கட்டினா வீட்டுப் பரப்பு மாறினதா ஆகுமா, ஆகாதா?"

எனக்கு விடை தெரியவில்லை. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயத்துக்குள் வணிக விடுதி கட்டுவதானால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அவர் வீடு அந்த எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை முதலில் பார்க்கவேண்டும். பிறகு கரையோர வரைபடம், பிறகு ஊராட்சியின் கட்டட அனுமதி. ஓர் உத்தியோகஸ்தரிடம் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிப் பதில் பெறுகிறோம் என்றார். அந்த அம்மாளின் பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். மனுவை அவள்தான் எழுதினாள். வீட்டின் நீள அகலத்தைக் கயிற்றால் அளந்து, பின்னால் ஒரு சிறு படமும் வரைந்து இணைத்திருக்கிறாள். வலை உலர்த்தும் இடத்தையும் அந்தப் படத்தில் குறிக்க அவள் மறக்கவில்லை.