பெரிய பல்கலைக்கழகமா, ஊர்ப் பக்கத்துக் கல்லூரியா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



பிளஸ் டூ முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று மே, ஜூன் மாதங்களில் நாம் படும் பாடு எல்லோரும் அறிந்ததே. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று சில மாதங்கள் கழித்துச் சில வீடுகளுக்கு வந்து சேர்கிறது. விடுதியிலிருந்து மகள் பேசுகிறாள். "வாப்பா, எனக்கு இங்கே ஒத்துவரவில்லை. நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரியிலேயே படித்துக்கொள்கிறேன்" என்கிறாள். அவள் இருப்பதோ பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் பெரிய பல்கலைக்கழகம். வாப்பா வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணம் அங்கே கட்டணமாகச் சேர்ந்திருக்கிறது. வட்டிக் கடன் வேண்டாம் என்று உம்மா தன் நகையை விற்றுக் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் வீடே நிலைகுலைந்து போகிறது.

இப்படி ஓர் அழைப்பு உங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "உனக்காக எவ்வளவு செலவழித்திருக்கிறோம் தெரியுமா?" என்பதுதான் பெரும்பாலும் நம் வாயிலிருந்து வரும் முதல் சொல். அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்தப் பிள்ளை உண்மையான காரணத்தை நம்மிடம் சொல்லமாட்டாள். ஆகவே முதல் நாள் கோபத்தை அடக்கிக்கொண்டு, காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

காரணங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல, சகோதரர்களே! வீட்டைவிட்டுப் பிரிந்த ஏக்கம் ஒரு காரணம். அது பெரும்பாலும் நாளாக ஆகக் குறையும். இந்தப் பிள்ளைக்கு ஒரு பருவத் தேர்வு முடியும்வரை அவகாசம் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. எடுத்த பாடமே பொருந்தவில்லை என்பது வேறு காரணம். அதற்குக் கல்லூரியை மாற்றுவது மருந்தாகாது. பாடத்தைத்தான் மாற்ற வேண்டும். பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானோருடன் அமர்ந்து கேட்கிறேன், எந்த ஆசிரியருக்கும் என் பெயர் தெரியாது, சந்தேகம் கேட்க ஆளில்லை என்று சொன்னால், அது காது கொடுத்துக் கேட்க வேண்டிய காரணம். சில பிள்ளைகள் கூட்டத்தில் வளர்வார்கள். சிலர் ஆசிரியரின் நிழலில்தான் வளர்வார்கள்.

ராகிங் என்று மட்டும் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ல் விதிமுறைகள் வகுத்தது. முதலில் புகார், பிறகுதான் மாறுவது பற்றிய யோசனை. புகார் கொடுக்காமல் நம் பிள்ளையை மட்டும் அழைத்து வந்துவிட்டால், அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இன்னொருவர் பிள்ளையின் கதி என்ன?

இப்போது நம் உள்ளத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். நிக்காஹ் மஜ்லிஸ்களில் "மகன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்கும்போது, பெரிய பெயர் ஒன்றைச் சொல்வதில் நமக்கொரு மகிழ்ச்சி இருக்கிறது. பிள்ளை திரும்பி வந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் இருக்கிறது. "அங்கேயே இரு" என்று நாம் பிள்ளையிடம் சொல்வது அவனுடைய நன்மைக்காகவா, நம்முடைய பெருமைக்காகவா?

இந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்ட ஒரு பேரறிஞர் நம் வரலாற்றில் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091-ல் பக்தாத் நிஜாமிய்யாவில் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அன்றைய உலகில் அதைவிடப் பெரிய கல்விப் பதவி அரிது. நான்கே ஆண்டுகளில், ஹிஜ்ரி 488-ல், தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அவர்களைப் பிடித்துக்கொண்டது. விடுவதா இருப்பதா என்று ஏறத்தாழ ஆறு மாதங்கள் தவித்தார்கள். வகுப்பில் பேச நாவே எழவில்லை, உணவும் செல்லவில்லை. பிள்ளைகளின் பராமரிப்புக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றச் செல்வத்தை வழங்கிவிட்டு, திமிஷ்கை நோக்கிப் புறப்பட்டார்கள். 1106-ல் நைஸாபூரிலிருந்த நிஜாமிய்யாவில் மீண்டும் கற்பிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். பின்னர் சொந்த ஊரான தூஸில், சிறிய அளவில் மாணவர்களுக்குக் கற்பித்தபடி 1111-ல் வஃபாத்தானார்கள். அவர்கள் ஆசிரியர், நம் பிள்ளை மாணவர். இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் ஓர் இடத்தை விடும்போதும் சரி, திரும்பச் சேரும்போதும் சரி, நிய்யத்தை நிறுத்துப் பார்த்தார்களே, அந்தத் தராசு நமக்கும் வேண்டும்.

சிறிய ஊர்க் கல்லூரி என்றால் இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் தொடங்கப்பட்டது. அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955-ல் வந்தது. அடுத்த ஆண்டே உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி வந்தது. இவை எதுவும் மாநகரம் அல்ல. பிள்ளை ஊரைவிட்டுப் போக வழியில்லாத வீடுகளுக்கும் பட்டப்படிப்பு எட்ட வேண்டும் என்றுதான் நம் முன்னோர் பொருளை வாரிக் கொடுத்தார்கள். மேலும், இத்தகைய கல்லூரிகளில் படிப்போருக்குப் பட்டம் வழங்குவது அவை இணைந்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகமே. வாணியம்பாடியில் படித்தவர் கையில் இருப்பது திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பட்டம். எனவே "சிறிய கல்லூரியின் பட்டம் செல்லுமா?" என்ற அச்சத்திற்கு இங்கே இடமில்லை. ஆய்வுக்கூடமும் நூலகமும் எப்படி, உங்கள் பிள்ளையின் பாடத்திற்கு நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், வளாக நேர்காணலுக்கு நிறுவனங்கள் வருகின்றனவா என்பவைதான் கேட்க வேண்டியவை. இவற்றில் பெரிய நிறுவனத்திற்கு மேன்மை இருந்தால் அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாறுவதென்று எண்ணினால் சில விவரங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகம் மாறும்போது மாற்றுச் சான்றிதழோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்பார்கள். முடித்த பருவங்களை ஏற்று இரண்டாமாண்டில் சேர்ப்பார்களா, முதலாண்டிலிருந்தே தொடங்கச் சொல்வார்களா என்பதைச் சேரப்போகும் கல்லூரியிடம் எழுத்தில் பெற வேண்டும். படிப்பின் மதிப்புப் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் வங்கி முறை 2021-ல் நாடளவில் வந்திருக்கிறது. ஆயினும் புதிய கல்லூரியின் பாடத்திட்டத்தோடு அவை பொருந்தினால்தான் பயன். இதைக் கேட்காமல் பழைய இடத்தில் சான்றிதழை வாங்கிவிட்டு, ஓராண்டை இழந்து நிற்பவர்கள் உண்டு.

கட்டணம் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பு ஒன்று உண்டு. சேர்க்கைக்கான கடைசித் தேதி கடந்து 15 நாட்களுக்குள் விலகினால் 80 சதவீதமும், அதன்பின் 30 நாட்கள் வரை 50 சதவீதமும் திருப்பித் தர வேண்டும். 30 நாட்கள் தாண்டினால் எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பிந்தைய ஆண்டுகளில் இந்தக் கெடுவை நீட்டித்த அறிவிப்புகளும் வந்ததுண்டு. பொறியியல் போன்ற படிப்புகளுக்குத் தனி விதிகளும் உண்டு. அந்தந்த ஆண்டுக்குரியதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இங்கேதான் சங்கடம். பிள்ளைக்கு ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள் என்று நானே சொன்னேன். அந்த அவகாசத்திற்குள் பணம் திரும்பும் தேதி போய்விடும். ஏக்கம்தான் காரணம் என்று உறுதியானால், பணத்திற்கு அஞ்சி அவசரப்படாதீர்கள். பாடமே தவறு என்று தெளிவானால், கட்டிய பணத்திற்காக மூன்றாண்டுகளை வீணாக்காதீர்கள். போன பணம் போனதுதான். இருப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை. கட்டணச் சுமையே காரணமாக இருந்தால், கூச்சப்படாமல் ஜமாஅத்தின் பைத்துல்மால் பொறுப்பாளர்களிடம் பேசுங்கள்.

அன்பானவர்களே! ஆலோசனை என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்திற்கே அஷ்ஷூரா என்று பெயர். அதற்காகக் கண்டவரிடமெல்லாம் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தைப் படித்தவரிடம் கேளுங்கள். பிள்ளைக்குப் பள்ளியில் கற்பித்த ஆசிரியரிடம் கேளுங்கள்.

விசாரித்து முடித்தபின் இஸ்திகாரா. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போலவே இஸ்திகாராவையும் கற்பித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அறிவிக்கப்பட்டுள்ளது. இரண்டு ரக்அத் தொழுது, அந்த துஆவை ஓத வேண்டும். கனவு வர வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அந்த அறிவிப்பில் இல்லை. பணம் கொடுத்துப் பிறரிடம் பார்க்கச் சொல்லும் வழக்கமும் அதில் இல்லை. மேலும், அதைத் தொழ வேண்டியவர் நாம் மட்டுமல்ல. அந்த வகுப்பில் போய் உட்காரப்போகும் மகளும்தான். அவளுக்கு அந்த துஆ தெரியாவிட்டால் இன்று இரவே சொல்லிக்கொடுங்கள்.

முடிவெடுக்கும் முன், வேலைநாள் ஒன்றில் அவளை அழைத்துக்கொண்டு அந்தச் சிறிய கல்லூரிக்குப் போய் வாருங்கள். அலுவலகத்தில் விளக்கச் சுவடியை மட்டும் வாங்கித் திரும்பிவிடாதீர்கள். மரத்தடியில் நிற்கும் மூன்றாமாண்டு மாணவிகளிடம், உங்கள் பெயரை அறிந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அல்லாஹ் காரியத்தை இலேசாக்கித் தருவானாக! ஆமீன்.